பார்மேட் பண்ணிடாதீங்க: கடைக் கம்ப்யூட்டரை யாரோ பூட்டிவிட்டால் என்ன செய்வது

ஞாயிறு ராத்திரி யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது திங்கள் காலை எட்டரைக்கு, பில் போடும் தம்பி போனில் கூப்பிட்டபோதுதான். "அண்ணாச்சி, டாலி தெறக்க மாட்டேங்கு. பைலுக்கெல்லாம் பேரு மாறிக் கெடக்கு. என்னமோ இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் வேற இருக்கு." டாலி என்பது எங்கள் கணக்கு சாஃப்ட்வேர். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருல" என்றேன். அதுதான் முதல் தப்பு. சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு தப்பு செய்தோம்.

எங்களுடையது திருநெல்வேலி பேட்டைப் பக்கம் பலசரக்கு மொத்த வியாபாரம். ஆறு கம்ப்யூட்டர், பதினான்கு பேர். நம்மை எவன் குறிவைக்கப் போகிறான் என்ற நினைப்பில் இருந்தோம். யாரும் குறிவைக்கவில்லை என்பது உண்மைதான். எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று உலகம் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும் புரோகிராம் ஒன்று எங்கள் கதவையும் தட்டியிருக்கிறது, திறந்திருந்தது, அவ்வளவுதான். கணக்கு பழைய நிலைக்கு வர 23 நாள் ஆனது. எதை முதலில் செய்ய வேண்டும், எந்தத் தாளை எங்கே கொடுக்க வேண்டும் என்று அன்று யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் அதில் பத்து நாளாவது மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வகைத் தாக்குதலுக்கு ரான்சம்வேர் என்று பெயர். பைல்களைப் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் பிட்காயினில் பணம் கட்டு என்பான். இப்போதெல்லாம் பூட்டுவதற்கு முன்பே ஒரு நகலையும் சுருட்டிக்கொண்டு, கட்டாவிட்டால் இணையத்தில் போட்டுவிடுவேன் என்று இரண்டாவது மிரட்டலும் வைக்கிறான்.

1. முதல் அரை மணி: வயரைப் பிடுங்குங்கள், மெஷினை அணைக்காதீர்கள்

முதலில் நெட்வொர்க் வயரை உருவுங்கள். ரௌட்டரை அணைத்து, எல்லா வயரும் வந்து சேரும் அந்தச் சின்ன ஸ்விட்ச் பெட்டியின் பிளக்கையும் எடுத்துவிட்டால் மெஷின்கள் ஒன்றோடொன்று பேசுவது நின்றுவிடும். பூட்டும் புரோகிராம் அந்த வழியாகத்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. ஆனால் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்ய வேண்டாம், ரீஸ்டார்ட் கூடவே கூடாது. பூட்டின் சாவி சில சமயம் மெஷினின் மெமரியில் தங்கியிருக்கும், பவர் போனால் அதுவும் போய்விடும். 2017 மே 12 அன்று 150 நாடுகளுக்கு மேல் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேரில், ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டிருந்த சில பழைய விண்டோஸ் மெஷின்களில் மெமரியிலிருந்தே சாவியைத் தோண்டி எடுத்தார்கள். நெட்வொர்க்கிலிருந்து பிரிக்க வழியே இல்லை என்றால் மட்டும் பவரை நிறுத்துங்கள்.

அடுத்து போனை எடுத்து ஒவ்வொரு திரையையும் படம் பிடியுங்கள். அந்த மிரட்டல் கடிதம், மாறிப்போன பைல் பெயர்கள், மூலையில் தெரியும் தேதி, மணி எல்லாம் படத்தில் வரட்டும். கடித பைலையும் பூட்டிய சின்ன பைல்கள் இரண்டையும் ஒரு புது பென்டிரைவில் போட்டு ஓரமாக வையுங்கள், அந்தப் பென்டிரைவை வேறு மெஷினில் சொருகக் கூடாது. ஒரு வெள்ளைத்தாளில் யார், எத்தனை மணிக்கு, என்ன பார்த்தார்கள் என்று எழுதத் தொடங்குங்கள். போலீஸ், வங்கி, ஆடிட்டர், எல்லோருமே கேட்கப்போவது இந்தத் தாளைத்தான்.

பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. தெரிந்த சர்வீஸ் தம்பி ஒருவர் நல்ல மனதோடு ஓடி வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் மூன்று மெஷினை பார்மேட் செய்து புது விண்டோஸ் போட்டுத் தந்துவிட்டார். நாங்களும் டீ வாங்கிக் கொடுத்தோம். தடயமும் போச்சு, பூட்டிய பைலும் போச்சு. பூட்டிய பைல் எதற்கு என்று கேட்பீர்கள். இன்றைக்குத் திறக்க முடியாத பூட்டுக்கு ஒரு வருஷம் கழித்துச் சாவி வெளிவருவது உண்டு. ஆகவே பழைய டிஸ்கைக் கழற்றி, கவரில் போட்டு, தேதி எழுதி பீரோவில் வைத்துவிட்டுப் புது டிஸ்க் போடச் சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு மெஷினுக்கு மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. மிச்சமிருந்த மூன்று மெஷினுக்காவது அப்படிச் செய்தோம்.

2. வங்கியிலிருந்து பணமும் போயிருக்கிறதா? அப்படியென்றால் இதுதான் முதல் வேலை

எங்களுக்குப் பணம் போகவில்லை. பக்கத்துக் கடை அண்ணாச்சிக்குப் போனது, கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே பைலை, அதாவது போனில் ஆப்பை ஏற்றும் பைலை, தொட்டதால். வாகன அபராதம் என்றும் இதே பைல் வரும். உள்ளே ஏறியதும் எஸ்எம்எஸ் பார்க்கும் அனுமதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடிபியைப் படித்துவிடும்.

பணம் நகர்ந்திருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள். லைன் கிடைக்காவிட்டால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் நிதி மோசடிப் பிரிவில் பதியுங்கள். உங்கள் புகார் போன நேரத்தில் பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்தி வைக்க முயல்வார்கள். திருடன் அதை நாலைந்து கணக்குகளுக்குப் பிரித்து ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் அப்புறம் துரத்துவது கஷ்டம். ஆகவே மணிக்கணக்கு இல்லை, நிமிஷக்கணக்கு. கையில் இருக்க வேண்டியவை: கணக்கு எண், பணம் போன தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை எண். யுபிஐ என்றால் அது 12 இலக்க எண், நெஃப்ட் என்றால் 16 எழுத்து, ஆர்டிஜிஎஸ் என்றால் 22 எழுத்து. மினி ஸ்டேட்மென்டில் தெரியும் அரைகுறை எண்ணைச் சொல்லி நேரத்தை இழக்காதீர்கள், வங்கி ஆப்பில் அந்தப் பதிவைத் தொட்டால் முழு எண் வரும்.

வங்கிக்கும் அன்றே எழுத்தில் கொடுத்து, ஏற்புச் சீல் வாங்குங்கள். 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, தப்பு உங்கள் பக்கமும் இல்லை, வங்கி பக்கமும் இல்லை, வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. நாலாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் தலையில். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது முழுக்க உங்கள் கணக்கு. எந்த நேரத்தில் சொன்னீர்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும், அந்தச் சீல் அதற்குத்தான்.

3. போலீஸ் புகார்: எங்கே, எந்தத் தாள்களோடு

முதலில் அதே சைபர்கிரைம் தளத்தில் பதிந்து ஏற்பு எண் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு நேரில் போங்கள். தளத்தில் ஒரு சின்னத் தொந்தரவு. நடந்ததை விவரிக்கும் பெட்டியில் குறைந்தது 200 எழுத்து வேண்டும், சிறப்புக் குறிகள் வந்தால் ஏற்காது. நான் பைல் இருந்த இடத்தை அப்படியே சாய்கோடு, அடிக்கோட்டோடு ஒட்டி ஒட்டி அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். வெறும் வார்த்தைகளாக எழுதுங்கள், மற்றதைப் படமாக இணையுங்கள்.

நேரில் எங்கே போவது? திருநெல்வேலியில் மாநகரக் காவலுக்குத் தனி சைபர் கிரைம், மாவட்டக் காவலுக்குத் தனி. எங்கள் குடோன் மாநகர எல்லைக்கு வெளியே, அலுவலகம் உள்ளே. நான் குடோன் கணக்கில் ஒரு இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு, மெஷின்கள் இருந்தது அலுவலகத்தில் என்று பேச்சில் வந்த பிறகு இன்னொரு இடத்துக்குப் போனேன், பாதி நாள் போச்சு. பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர் எந்த முகவரியில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

கொண்டுபோக வேண்டிய தாள்கள்: கடை லெட்டர்ஹெட்டில் தேதி, நேரத்தோடு ஒன்றரைப் பக்கப் புகார் (தமிழிலேயே எழுதலாம்), கையெழுத்துப் போடுபவரின் ஆதார் நகல், ஜிஎஸ்டி சான்றிதழ், கூட்டு நிறுவனம் என்றால் பங்குதாரர் ஒப்புதல் கடிதம், திரைப் படங்களின் பிரிண்ட், தளத்தின் ஏற்பு எண், ரௌட்டர் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கு இன்டர்நெட் பில். எல்லாம் இரண்டு செட். டிஜிட்டல் ஆதாரத்தின் நகலைக் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும், முன்பு 65பி என்று சொல்வார்களே, அதுதான். மாதிரியைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள். செலவு எதுவும் இல்லை, ஜெராக்ஸ் காசுதான். திரும்பும்போது சிஎஸ்ஆர் என்னும் புகார் பெற்ற ரசீதோ எப்ஐஆர் நகலோ வாங்காமல் வராதீர்கள், இன்ஷூரன்ஸ் இருந்தால் அந்தத் தாள் இல்லாமல் ஒன்றும் நகராது.

4. ஆறு மணி நேரக் கெடு ஒன்று இருக்கிறது

இது எனக்குத் தெரிந்தது ஒன்பதாம் நாள். செர்ட்-இன் என்று மத்திய அரசின் அமைப்பு ஒன்று இருக்கிறது, சைபர் சம்பவங்களுக்கு நாட்டளவில் பொறுப்பான அமைப்பு அதுதான். 2022 ஏப்ரல் 28 அன்று அவர்கள் போட்ட உத்தரவுப்படி, ரான்சம்வேர் மாதிரி சம்பவம் கண்ணில் பட்டதிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். போலீஸ் புகார் கொடுத்தாச்சே என்று விட்டுவிடக் கூடாது, இது வேறு, அது வேறு. இன்சிடென்ட் அட் செர்ட்-இன் டாட் ஓஆர்ஜி டாட் இன் என்ற முகவரிக்கு மெயில், அல்லது 1800-11-4949க்குப் போன். முழு விவரமும் சேர்ந்த பிறகு அனுப்பலாம் என்று காத்திருக்க வேண்டாம், தெரிந்ததை அனுப்பிவிட்டு மிச்சத்தைப் பிறகு சேருங்கள்.

அதே உத்தரவில் கம்ப்யூட்டர் லாக்குகளை (யார், எப்போது உள்ளே வந்தார்கள் என்று மெஷினே எழுதிவைக்கும் பதிவு) 180 நாள் வைத்திருக்கவும் சொல்லியிருக்கிறது. எங்கள் ரௌட்டர் லாக் ரீஸ்டார்ட் செய்தால் அழிந்துவிடும் ரகம். யார் எந்த இன்டர்நெட் முகவரியிலிருந்து (ஐபி) வந்தான் என்ற கேள்விக்கு எங்களிடம் பதிலே இல்லை.

வாடிக்கையாளரின் ஆதார், போன் நம்பர் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது என்றால் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். உச்ச அபராதம் 250 கோடி வரை போகிற சட்டம் அது. பலசரக்குக் கடைக்கு அவ்வளவு வராது, ஆனால் தேவையில்லாத ஆதார் நகல்களை அழித்துவிட்டால் கவலை பாதி குறையும். நாங்கள் அழித்தோம்.

5. கட்டலாமா?

மூன்றாம் நாள் முதலாளி கேட்டார், "எவ்வளவுதாம் கேக்கான்?" கேட்டது எங்கள் ஒரு மாத லாபத்தைவிடக் கொஞ்சம் கம்மி. மனம் ஊசலாடத்தான் செய்தது. கட்டாததற்குக் காரணம் ஒழுக்கமெல்லாம் இல்லை, கணக்கு. 2024 பிப்ரவரியில் தாக்கப்பட்ட அமெரிக்காவின் மருத்துவ பில் நிறுவனம் சேஞ்ச் ஹெல்த்கேர் 2 கோடியே 20 லட்சம் டாலர் கட்டியது. பணத்தை வாங்கிய கும்பல் தன் கூட்டாளிக்கே பட்டை நாமம் போட்டுவிட்டுக் கடையைச் சாத்த, திருடிய தரவு இன்னொரு கும்பல் பெயரில் மறுபடி மிரட்டலுக்கு வந்தது. 2021 மே மாதம் அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனம் கொலோனியல் பைப்லைன் 75 பிட்காயின் கட்டியும், கிடைத்த கருவி ஆமை வேகத்தில் ஓடியதால் தங்கள் சொந்த பேக்கப்பையும் வைத்துத்தான் எழுந்து நின்றார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கே இந்த மரியாதை என்றால் பேட்டைக் கடைக்கு என்ன கிடைக்கும்?

கட்டுவதற்கு முன் நோ மோர் ரான்சம் என்ற தளத்தைப் பாருங்கள். 2016இல் நெதர்லாந்து போலீசும் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் இரண்டு வைரஸ் தடுப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது, இலவசம். பூட்டிய பைல் ஒன்றையும் மிரட்டல் கடிதத்தையும் ஏற்றினால் எந்த வகை, சாவி வெளிவந்திருக்கிறதா என்று சொல்லும். எங்கள் வகைக்கு அன்று இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கிறேன்.

இன்னொரு பொறி: தேடினால் "100 சதவீதம் மீட்டுத் தருகிறோம்" என்று நிறைய பேர் வருவார்கள். சிலர் செய்வது, திருடனுக்கே பணம் கட்டிச் சாவி வாங்கி, தன் பங்கைச் சேர்த்து உங்களிடம் வசூலிப்பது. எப்படி மீட்பீர்கள் என்ற கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் போனை வைத்துவிடுங்கள்.

6. கணக்கைத் திரும்பக் கட்டுவது: உங்கள் தரவு வேறு எங்கெல்லாம் இருக்கிறது

எங்கள் தினசரி பேக்கப் பென்டிரைவ் அதே மெஷினில் இரவு பகலாகச் சொருகியே இருந்தது. அதுவும் பூட்டுப்பட்டது. வீட்டில் கிடந்த பழைய லேப்டாப்பில் 14 மாதத்துக்கு முந்தைய நகல் ஒன்று மட்டும் கிடைத்தது. அதற்குப் பிந்தையதை எல்லாம் வெளியே இருந்து பொறுக்கினோம்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1ஐ இறக்கினால் ஜிஎஸ்டி எண் உள்ள வாடிக்கையாளருக்குப் போட்ட பில் எல்லாம் வரும். ஜிஎஸ்டிஆர்-2பியில் நீங்கள் வாங்கியது வரும். விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் இ-இன்வாய்ஸ் போட்டிருப்பீர்கள், நடப்பு மாதத்தின் அந்தப் பில்கள் ஜிஎஸ்டிஆர்-1இல் தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். இ-வே பில் தளத்தில் வண்டி ஏறிய சரக்கு இருக்கும். வங்கி ஸ்டேட்மென்டைப் பிடிஎப்பாக வாங்காமல் எக்செல்லாக வாங்குங்கள், மறுபடி அடிக்கும் வேலை மிச்சம். பெரிய சப்ளையர்களிடம் உங்கள் லெட்ஜரை அனுப்பச் சொல்லுங்கள், சந்தோஷமாக அனுப்புவார்கள், நிலுவை அவர்களுக்குத்தானே வர வேண்டும்.

எங்கேயும் கிடைக்காதது இரண்டு: கையிருப்பும், சின்னக் கடைகளின் பற்றும். கையிருப்புக்கு ஒரு ஞாயிறு முழுக்கக் குடோனில் மூட்டை எண்ணினோம். பற்றைக் காப்பாற்றியது கடை கடையாக வசூலுக்கு லைனுக்குப் போகும் தம்பிகளின் சிட்டை. மேலப்பாளையம் லைனுக்குப் போகிறவரின் நீள நோட்டு, எண்ணெய்க் கறை படிந்து ஓரம் சுருண்டு, கார்பன் தாளோடு. வசூலான பற்றை ஒரு கோடு போட்டு அடித்திருப்பார், பாதி வசூலானதற்கு அரைக் கோடு. அந்த அரைக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு மூன்று நாள் அடித்தோம். போன வருஷம்தான் இந்த நோட்டை நிறுத்திவிட்டு ஆப் போடலாம் என்று நான் சண்டை பிடித்திருந்தேன்.

தேதி விஷயம். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. வைரஸ் வந்தது என்பதற்காக யாரும் தேதியைத் தள்ளித் தரமாட்டார்கள். தாமதத்துக்கு ஒரு நாளுக்கு 50 ரூபாய், வரிக்கு வருஷம் 18 சதவீத வட்டி. கிடைத்த பில்களை வைத்து ஜிஎஸ்டிஆர்-1ஐ நேரத்துக்குப் போட்டுவிட்டு, விடுபட்டதை அடுத்த மாதம் சேர்த்தோம், ஆடிட்டர் சொன்ன வழி அது. பழைய வருஷத்துக் கணக்கு போனால் போகட்டும் என்று விடாதீர்கள். ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம்.

7. எந்தக் கதவு திறந்திருந்தது, அதை எப்படிச் சாத்துவது

எங்கள் கதவு ரிமோட் டெஸ்க்டாப். முதலாளி வீட்டிலிருந்தே டாலி பார்க்க வேண்டும் என்று, ரௌட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் ஒரு வழியை, திறந்து நேராகச் சர்வருக்கு விட்டிருந்தோம். பாஸ்வேர்டு கடைப் பெயரும் 123உம். இதைவிடச் சொகுசாக ஒரு திருடனுக்குப் பந்தி போட முடியாது. ரௌட்டரின் செட்டிங்கில் போர்ட் பார்வர்டிங் என்று ஒரு பக்கம் இருக்கும், இன்றைக்கே திறந்து பாருங்கள், அங்கே ஏதாவது வரி இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். "3389ஐ மாத்தி வேற நம்பர் குடுத்துட்டேன், இனிமே பயமில்ல" என்று சர்வீஸ் ஆள் சொன்னால் ஏற்காதீர்கள். தட்டிப் பார்ப்பவன் எல்லா நம்பரையும் தட்டுவான். வெளியிலிருந்து பார்த்தே ஆகவேண்டும் என்றால் டாலியிலேயே உள்ள ரிமோட் வசதி, அல்லது விபிஎன், அதாவது இன்டர்நெட்டுக்குள் பூட்டிய தனி வழி. தூரத்திலிருந்து நம் திரையை இயக்கும் எனிடெஸ்க் போட்டால் வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது இரண்டடுக்குச் சரிபார்ப்பு, பாஸ்வேர்டு போட்ட பிறகு போனில் இன்னொரு எண் கேட்குமே அது. காசு கிடையாது. சேஞ்ச் ஹெல்த்கேர், கொலோனியல் இரண்டு இடத்திலும் உள்ளே நுழைந்தது இது இல்லாத ஒரே ஒரு ரிமோட் வழியில், களவுபோன பாஸ்வேர்டை வைத்து. கடையின் மெயில், வங்கி, ஜிஎஸ்டி, வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுங்கள். போடப் போனபோது எங்களுக்கு ஒரு அதிர்ச்சி: கடை ஜிமெயிலின் மீட்பு எண், மூன்று வருஷத்துக்கு முன்பு வேலையை விட்டுப் போன தம்பியுடையது. நல்ல பையன், திருப்பூரிலிருந்து ஓடிபி சொன்னான். எல்லோரும் சொல்வார்களா?

அப்டேட். வான்னாக்ரை பரவிய ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, 2017 மார்ச்சிலேயே, மருந்து கொடுத்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, பில் போடும் மெஷின் இன்னும் அதில் ஓடினால் மாற்றத் திட்டம் போடுங்கள். திருட்டு விண்டோஸ், திருட்டு டாலி பற்றி நான் பிரசங்கம் செய்யவில்லை, ஆனால் அதைத் திறக்கும் கிராக் பைலோடு என்ன வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறகு, பிரித்து வைப்பது. நம்ம மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் இன்டர்நெட்டோடு சேர்ந்த நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் தீய புரோகிராம் புகுந்திருப்பது தெரியவந்தது. உலையை இயக்கும் அமைப்பு அந்த நெட்வொர்க்கோடு சேராமல் தனியே இருந்ததால் அது தொடப்படவில்லை என்று அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அறிவித்தது. கடையிலும் அதே கதைதான், அளவுதான் சின்னது. டாலி சர்வரில் மெயில் திறக்கக் கூடாது, யூடியூப் கூடாது, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுக்கும் வைஃபை தனியாக இருக்க வேண்டும். பெரும்பாலான ரௌட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று இருக்கிறது, அதைப் போட்டால் போதும். தினசரி வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் இல்லாத சாதா லாகின் வையுங்கள்.

8. பேக்கப்: மூன்று நகல், அதில் ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம்

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஜங்ஷன் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் தினமும் ஒழுங்காக பேக்கப் எடுத்த மனிதர். சர்வர் மேஜைக்குக் கீழே, பேக்கப் டிஸ்க் அதே அறை பீரோவின் அடித்தட்டில். தண்ணீர் இரண்டையும் ஒரே ராத்திரியில் எடுத்துக்கொண்டது. ஆகவே நாங்கள் இப்போது செய்வது: சர்வரில் உள்ளது ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒரு டிஸ்க் கடையில், ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் முதலாளி வீட்டு மாடியில். வாரா வாரம் சனிக்கிழமை இரண்டும் இடம் மாறும். டிஸ்க் ஒன்று ஐயாயிரம் ரூபாய் ஆனது. பேக்கப் எடுக்கும் பத்து நிமிஷம்தான் சொருகியிருக்கும், பிறகு கழற்றிவிட வேண்டும், எங்கள் பென்டிரைவுக்கு நேர்ந்தது அதற்கும் நேரக் கூடாது.

கழற்றி வைப்பதன் அருமைக்கு ஒரு கதை. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீய புரோகிராம் வந்தபோது, கப்பல் நிறுவனம் மேர்ஸ்க்கின் உலகம் முழுக்க இருந்த டொமைன் கன்ட்ரோலர்கள் (யார் எந்த மெஷினில் நுழையலாம் என்று வைத்திருக்கும் சர்வர்கள்) அத்தனையும் அழிந்தன, கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்றைத் தவிர. அங்கே அந்த நேரம் கரண்ட் கட். நெட்டில் இல்லாததால் தப்பியது, அதைக் கையோடு கொண்டுபோய்த்தான் மற்றதைக் கட்டி எழுப்பினார்கள். (நாட்பெட்யா பரவத் தொடங்கியதே உக்ரைனின் ஒரு கணக்கு சாஃப்ட்வேர் அப்டேட் வழியாக. அதற்காக அப்டேட்டை நிறுத்திவிடாதீர்கள், பேக்கப்பை நிறுத்தாதீர்கள்.)

கூகுள் டிரைவில் போட்டால் போதாதா என்பார்கள். கம்ப்யூட்டரோடு தானாக ஒத்திசையும் போல்டர் என்றால், இங்கே பூட்டிய பைல் அங்கேயும் போய் உட்காரும். பழைய பதிப்புகள் கிடைக்கலாம், அதை மட்டும் நம்பாதீர்கள். கூடுதல் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

மாதம் ஒரு முறை டிஸ்கில் உள்ளதை வேறு மெஷினில் ஏற்றித் திறந்து பாருங்கள். முதல் மாதமே எங்களுக்கு ஒரு கம்பெனியின் போல்டர் காலி. பேக்கப் எடுக்கும் இடத்தைத் தப்பாகக் கொடுத்திருந்தோம்.

9. "எங்கள் அக்கவுண்ட் நம்பர் மாறிவிட்டது"

இப்படி மெயில் வந்தால், அந்த மெயிலில் உள்ள நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். பழைய பில்லில் உள்ள நம்பருக்குக் கூப்பிட்டு, நீங்கள் வழக்கமாகப் பேசும் ஆளிடமே கேளுங்கள். சப்ளையரின் மெயிலுக்குள்ளேயே திருடன் உட்கார்ந்திருந்தால் முகவரி, லோகோ எல்லாம் அசலாகத்தான் இருக்கும். குரலையும் முழுக்க நம்பாதீர்கள், 2024இல் ஹாங்காங்கில் அருப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், வீடியோ மீட்டிங்கில் தன் மேலதிகாரிகளைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். திரையில் இருந்தவர்கள் எல்லாம் கணினி செய்த முகங்கள். எங்கள் கடையில் புதுக் கணக்குக்கு முதல் முறை அனுப்புவதென்றால் இரண்டு பேர் சரி சொல்ல வேண்டும், முதலாளியே அவசரப்படுத்தினாலும். அவருக்கு இது பிடிக்கவில்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

10. சுவரில் ஒரு தாள்

பில் மெஷினுக்கு மேலே, காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். அதில் உள்ளது: வயரைப் பிடுங்கு, அணைக்காதே, பார்மேட் வேண்டாம். 1930. வங்கி மேலாளர் எண். செர்ட்-இன் எண், அதற்கு எதிரே "6 மணி நேரம்". ஆடிட்டர் எண். இன்டர்நெட் காரர் எண். பேக்கப் டிஸ்க் இருக்கும் இடம், பீரோ சாவி யாரிடம். இதைக் கையால் எழுதி ஒட்டுங்கள், கம்ப்யூட்டரில் அடித்துப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அது தேவைப்படும் அன்றைக்குப் பிரிண்டர் ஓடாது. போன் நம்பர்களை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறோம், வங்கி மேலாளர் அதற்குள் இரண்டு முறை மாறிவிட்டார்.